வீட்டு வழக்கை உலக மன்றத்துக்குக் கொண்டு சென்றவர்கள்: எல்லை தாண்டிய கறுப்பின உரிமை இயக்கம், ஓர் எளிய அறிமுகம்

ஒருவருக்கு அநீதி நேர்ந்தால் அவர் முதலில் காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே பலன் இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போகிறார். அதுவும் கைகொடுக்காவிட்டால் தனக்காகச் சட்டமன்றத்தில் பேசக்கூடிய ஒருவரைத் தேடிப் போகிறார். காவலர், நீதிபதி, சட்டமன்ற உறுப்பினர் ஆகிய மூவருமே அந்த அநீதிக்கு உடந்தையாக இருந்தால் அவர் எங்கே போவது? ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாண்மைக்காரரே எதிராளி என்றால், பக்கத்து ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்து நியாயம் கேட்பதுதான் மிஞ்சும் ஒரே வழி. அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் வாழும் கறுப்பின மக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருவது ஏறக்குறைய இதைத்தான். அந்த இயக்கம் எப்படித் தோன்றியது, எப்படி வேலை செய்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதை இந்தக் கட்டுரை அறிமுக அளவில் சொல்ல முயல்கிறது.

இதில் ‘கறுப்பினத் தலைமை’ என்பதன் பொருளை முதலில் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. பிற இனத்தவர் யாரும் உதவவில்லை என்று இதற்குப் பொருளில்லை. என்ன கோரிக்கை வைப்பது, அதை எந்தச் சொற்களில் எழுதுவது, மேடையில் யார் பேசுவது ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவர்களே முடிவு செய்தார்கள் என்பதுதான் இதன் உட்பொருள். டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பத்திரிகை நடத்திவந்த ஐடா பி. வெல்ஸ், கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொல்லும் வழக்கத்தை எதிர்த்து எழுதியதற்காக 1892-இல் அவருடைய பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது. அவர் 1893-இலும் 1894-இலும் பிரிட்டன் சென்று ஊர் ஊராகப் பேசினார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தியை வாங்கும் நாட்டில் பேசினால்தான் அந்த மாநிலங்களுக்கு உறைக்கும் என்பது அவர் அறிந்த கணக்கு. உள்ளூரில் அடைக்கப்பட்ட வாயை வெளியூரில் திறந்து, அந்த ஓசையை மீண்டும் உள்ளூரில் கேட்கச் செய்வது என்ற உத்தியின் முழு வடிவமும் அந்த இரண்டு பயணங்களிலேயே இருக்கிறது.

குடிமை உரிமையும் மனித உரிமையும்

இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாக்களிப்பது, பேருந்தில் விரும்பிய இருக்கையில் அமர்வது, அரசுப் பள்ளியில் சேர்வது போன்றவை ஓர் அரசு தன் குடிமக்களுக்கு உறுதி செய்யும் குடிமை உரிமைகள். அவை மீறப்பட்டால் அந்த அரசிடமே முறையிட வேண்டும். பிற நாடுகளுக்கு அதில் பேச்சில்லை. மனித உரிமை என்பது ஒருவர் மனிதராகப் பிறந்த காரணத்தாலேயே அவருக்கு உரியது. அதை மீறும் அரசை உலகின் எந்த நாடும் கேள்வி கேட்கலாம் என்பது 1945-க்குப் பின் வேர்விட்ட கருத்து. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1964-இல் தம் மேடைகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான்: போராட்டம் குடிமை உரிமை என்ற அளவில் நிற்கும்வரை அது வாஷிங்டனின் வீட்டு விவகாரம், அதை மனித உரிமை என்ற தளத்துக்கு உயர்த்திவிட்டால் ஐ.நா.வின் வாசலில் போய் நிற்கலாம். அவர் அப்படிப் பேசுவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே வேறு சிலர் அந்த வாசலில் போய் நின்றிருந்தார்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அதற்கும் முந்தைய கட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிரினிடாட் தீவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் 1900 ஜூலையில் லண்டனில் முதல் அகில ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டினார். உலக நாடுகளை நோக்கி அங்கிருந்து விடுக்கப்பட்ட அறைகூவலை எழுதியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், நிற வேறுபாடே 20ஆம் நூற்றாண்டின் பிரச்சினை என்று அதில் அவர் எழுதினார். முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் பாரிஸில் சமாதான மாநாடு நடந்தபோது அவரே அங்கே அடுத்த கூட்டத்தைக் கூட்டினார். அமெரிக்காவிலிருந்து வர விரும்பிய பலருக்கு அந்நாட்டு அரசு கடவுச்சீட்டு தரவில்லை. 1945 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில், பின்னாளில் கானாவின் தலைவரான குவாமே இங்க்ருமாவும் கென்யாவின் தலைவரான ஜோமோ கென்யாட்டாவும் இருந்தனர். வேண்டுகோள் விடுக்கும் தொனி மாறி, விடுதலையைக் கோரும் தொனி வந்தது அங்கேதான்.

1946: தென்னாப்பிரிக்க இந்தியர்களும் அம்பேத்கரின் கடிதமும்

1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது அதன் முன்னுரையில் அடிப்படை மனித உரிமைகள் பற்றிய வாசகம் இடம்பெற்றது. அந்த முன்னுரையை வரைந்ததில் முக்கியப் பங்கு தென்னாப்பிரிக்கப் பிரதமர் யான் ஸ்மட்ஸுக்கு உண்டு. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுத்த நாட்டின் தலைவர் அவர் என்பதை நினைத்தால் வரலாற்றுக்கும் குறும்புத்தனம் உண்டு என்றே தோன்றுகிறது. அதே சாசனத்தின் 2ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு, ஒரு நாட்டின் உள்விவகாரங்களில் ஐ.நா. தலையிடலாகாது என்றது. முன்கதவைத் திறந்துவைத்துப் பின்கதவைப் பூட்டிய கதைதான். இன்றுவரை நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாசகங்களுக்கும் இடையிலான இழுபறியே.

அந்தப் பூட்டை முதலில் அசைத்துப் பார்த்தது இந்தியா. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர், தெலுங்கர் உள்ளிட்டோரின் வழிவந்தவர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை ஸ்மட்ஸ் அரசு 1946-இல் கொண்டுவந்தது. இந்தியா அதை ஐ.நா. பொதுச்சபைக்கு எடுத்துச் சென்றது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு அதற்காக வாதாடியது. இது உள்விவகாரம் என்று ஸ்மட்ஸ் சொன்ன மறுப்பு எடுபடவில்லை. டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேறியது. அந்த வேளையில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் மருத்துவர் ஏ. பி. ஸூமாவும் நியூயார்க் வந்திருந்தார். அவருக்கு அங்கே மேடை அமைத்துக் கொடுத்தது, பாடகர் பால் ராப்சன் தலைமையேற்றிருந்த ஆப்பிரிக்க விவகாரங்களுக்கான கவுன்சில் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் அமைப்பு. ஓர் இந்திய வழக்கு, ஓர் ஆப்பிரிக்கத் தலைவர், ஓர் அமெரிக்கக் கறுப்பின அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே ஊரில் ஒரே மாதங்களில் சந்தித்துக்கொண்ட தருணம் அது. எல்லை தாண்டிய இயக்கம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நீக்ரோ காங்கிரஸ் என்ற அமைப்பு, கறுப்பின மக்களின் நிலை குறித்து ஐ.நா.வுக்கு ஒரு மனு அளித்தது. அந்தச் செய்தியைப் படித்த அண்ணல் அம்பேத்கர், டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவின் தீண்டத்தகாதோர் நிலைக்கும் அமெரிக்க நீக்ரோக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டு, அந்த மனுவின் இரண்டு மூன்று படிகளை அனுப்பித்தர முடியுமா என்று அதில் கேட்டிருந்தார். தம் மக்களின் பிரச்சினையையும் அவ்வாறே ஐ.நா.விடம் கொண்டு செல்லலாமா என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. டு பாய்ஸ் ஜூலை 31 அன்று பதில் எழுதினார். தீண்டத்தகாதோர் போராட்டத்தின் மீது தமக்குள்ள பரிவைத் தெரிவித்தார். மனுவை அனுப்பிவைப்பதாகவும், தம் அமைப்பும் விரைவில் விரிவான மனு ஒன்றை அளிக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டார்.

உலகத்திடம் ஒரு முறையீடு

அந்த விரிவான மனு 1947 அக்டோபர் 23 அன்று நியூயார்க் அருகே லேக் சக்சஸில் இயங்கிய ஐ.நா. அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. அளித்தது, அமெரிக்காவின் மிகப்பெரிய கறுப்பின உரிமை அமைப்பான நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். டு பாய்ஸின் பொறுப்பில் பல சட்ட அறிஞர்களும் வரலாற்றறிஞர்களும் ஆளுக்கோர் அத்தியாயமாக எழுதிய அந்த மனு, வாக்குரிமை மறுப்பையும் கல்வி ஏற்றத்தாழ்வையும் நீதிமன்றப் பாகுபாட்டையும் கும்பல் கொலைகளையும் ஆவணங்களோடு அடுக்கியது. அமெரிக்காவை அச்சுறுத்துவது ரஷ்யாவைவிட மிசிசிப்பி மாநிலம்தான் என்ற டு பாய்ஸின் கூற்று அதில் புகழ்பெற்றது. என் கணிப்பில் அதைவிடக் கூர்மையான வாதம் ஒன்றும் அதில் உண்டு. ஐ.நா.வின் தலைமையகம் அமெரிக்க மண்ணில் அமைந்துவிட்டது. உலக மக்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் நிறம் மிக்கவர்கள். அவர்கள் இங்கே பிரதிநிதிகளாகவும் பார்வையாளர்களாகவும் வரும்போது அமெரிக்க நீக்ரோ என்று எண்ணி அவமதிக்கப்படுவார்கள். ஆகவே இது எப்படி உள்விவகாரமாகும்? உள்விவகாரம் என்ற பூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாவியை யாரும் செய்ததில்லை.

ஆனால் கதவு திறக்கவில்லை. தனி மனிதர்களோ அமைப்புகளோ அனுப்பும் மனித உரிமைப் புகார்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஐ.நா. மனித உரிமை ஆணையம் அதே ஆண்டில் முடிவெடுத்திருந்தது. அந்த ஆணையத்தின் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட், மனு அளித்த சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். அமெரிக்கப் பிரதிநிதி என்ற முறையில் மனுவை முன்வைக்க அவர் உடன்படவில்லை. அதை விசாரணைக்கு எடுக்கவேண்டும் என்று சோவியத் தரப்பு கேட்டது மனுவுக்கு மேலும் கெடுதலாக முடிந்தது: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வலி, வல்லரசுகளின் பனிப்போரில் ஒரு துருப்புச் சீட்டாயிற்று. வேறு பல கருத்து வேறுபாடுகளும் முற்றி, 1948-இல் டு பாய்ஸ் அந்தச் சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

1951 டிசம்பர் 17 அன்று நடந்தது இன்னும் துணிச்சலானது. குடிமை உரிமைக் காங்கிரஸ் என்ற இடதுசாரி அமைப்பு, அமெரிக்க அரசு கறுப்பின மக்கள் மீது இனப்படுகொலை புரிகிறது என்று குற்றஞ்சாட்டி ஒரு மனுவைத் தயாரித்தது. ஐ.நா. பொதுச்சபை கூடியிருந்த பாரிஸில் வழக்கறிஞர் வில்லியம் பேட்டர்சனும், அதே நாளில் நியூயார்க்கில் ராப்சனும் அதை அளித்தனர். ராப்சன் ஏன் பாரிஸ் செல்லவில்லை என்றால், அவருடைய கடவுச்சீட்டு 1950-லேயே ரத்து செய்யப்பட்டிருந்தது. நாடு திரும்பியதும் பேட்டர்சனின் கடவுச்சீட்டும் பறிபோயிற்று. அமெரிக்கத் தூதுக்குழுவில் இருந்த கறுப்பினப் பிரதிநிதி ஒருவரே பேட்டர்சனைக் கண்டித்தார். இனப்படுகொலை என்ற சட்டக் கருத்தை உருவாக்கிய ரஃபேல் லெம்கினும் இது அந்தக் கருத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று எதிர்த்தார். ஐ.நா. எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. எல்லை தாண்டிய இயக்கத்தை முறியடிக்க அரசுகள் கண்ட மிக மலிவான வழி கடவுச்சீட்டைப் பறிப்பதுதான் என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958-இல் தலையிட்ட பிறகே ராப்சனைப் போன்றவர்களால் மீண்டும் வெளிநாடு செல்ல முடிந்தது.

தோற்ற மனுக்கள் செய்த வேலை

இரண்டு மனுக்களும் தோற்றன என்று இங்கேயே முடித்துவிட முடியாது. மனு எடுக்கப்படாவிட்டாலும் செய்தி பரவியது. புதிதாக விடுதலை பெற்றுவந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் நாளேடுகள் மிசிசிப்பியையும் அலபாமாவையும் பற்றி எழுதின. பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில், அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 1952 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு அளித்த குறிப்பில், இனப் பாகுபாடு வெளிநாடுகளில் நம் பெயரைக் கெடுக்கிறது என்று வெளியுறவுச் செயலாளர் டீன் அச்சிசன் தந்த சான்றை மேற்கோள் காட்டியது. பிரிவினை சட்டவிரோதம் என்று 1954 மே 17 அன்று தீர்ப்பு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்காவின் குரல் வானொலி அதை வெளிநாடுகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கியது. தீர்ப்புக்கு வெளிநாட்டு அவப்பெயர்தான் காரணம் என்பது மிகை. உள்நாட்டில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பெற்றோர்களும் வழக்கறிஞர்களும்தான் அதை ஈட்டினார்கள். ஆனால் மத்திய அரசு அவர்கள் பக்கம் சாய்ந்ததற்கு வெளியிலிருந்து வந்த அழுத்தமும் ஒரு காரணம்.

டு பாய்ஸ் 1947-இல் எச்சரித்தது 1961-இல் அப்படியே நடந்தது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குச் செல்லும் ஆப்பிரிக்கத் தூதர்கள் மேரிலாந்து மாநிலத்தின் 40ஆம் எண் நெடுஞ்சாலை வழியே காரில் போவது வழக்கம். சாட் நாட்டின் தூதர் ஆடம் மாலிக் சோ அந்தச் சாலையோர உணவகம் ஒன்றில் இறங்கிக் காபி கேட்டார். கறுப்பினத்தவருக்குத் தருவதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உணவகத்தார் பின்னர் சொன்ன சமாதானம், அவர் தூதர் என்று தெரியவில்லை, உள்ளூர்க் கறுப்பர் என்றே நினைத்தோம் என்பது! கென்னடி அரசு இந்த அவமானத்தைச் சரிக்கட்ட வெளியுறவுத் துறையில் ஒரு தனிப் பிரிவை அமைத்து, உணவக உரிமையாளர்களிடம் போய்க் கெஞ்சும் நிலைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பால்டிமோரின் கறுப்பினப் பத்திரிகையான ஆஃப்ரோ-அமெரிக்கன் தன் செய்தியாளர்கள் மூவரைக் ‘கோபான்’ என்ற கற்பனை நாட்டின் பிரமுகர்களாக வேடமிட்டு அதே சாலையில் அனுப்பியது. அங்கியும் உயரத் தொப்பியுமாகப் போனவர்களுக்குச் சில உணவகங்களில் இலையும் தண்ணீரும் வைத்த கதையாக உபசாரம் நடந்தது. அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களாகப் போயிருந்தால் கிடைத்திருக்காத மரியாதை, இல்லாத ஒரு நாட்டின் பெயரைச் சொன்னதும் கிடைத்தது. தூதர்களுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம் என்ற எண்ணத்தை உள்ளூர் இயக்கத்தினர் ஏற்கவில்லை. அவர்கள் அந்த நெடுஞ்சாலை நெடுகிலும் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். பொது உணவகங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மேரிலாந்து 1963-இல் இயற்றியது.

அதே 1963 மே மாதத்தில் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் அடிஸ் அபாபாவில் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவிக்கொண்டிருந்தபோது, அலபாமாவின் பர்மிங்காமில் போராடும் சிறுவர்கள் மீது நாய்களை ஏவியும் தண்ணீரைப் பீய்ச்சியும் காவல்துறை தாக்கியது. அடிஸ் அபாபாவிலிருந்தே உகாண்டா பிரதமர் மில்டன் ஒபோட்டே கென்னடிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த அமைப்பு கெய்ரோவில் கூடியபோது மால்கம் எக்ஸ் நேரில் சென்று தலைவர்களிடம் ஒரு குறிப்பாணையை வழங்கினார். அமெரிக்காவில் தொடரும் இனவெறி குறித்துக் கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது, ஐ.நா.வில் அமெரிக்காவை நிறுத்தவேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை எந்த நாடும் கையிலெடுக்கவில்லை. அமெரிக்க உதவியை நம்பியிருந்த புதிய நாடுகளுக்கு அது இயலாத காரியம். 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் சுட்டுக்கொல்லப்பட்டார்.

எதிர்த் திசையில் ஓர் ஓட்டம்

உதவி ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு மட்டும் போகவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த போலராய்டு நிறுவனத்தில் கென் வில்லியம்ஸ், கரோலின் ஹன்டர் என்ற இரு கறுப்பின ஊழியர்கள் 1970-இல் ஒரு மாதிரி அடையாள அட்டையைக் கண்டார்கள். அதில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர் இருந்தது. தங்கள் நிறுவனத்தின் உடனடிப் படக் கருவி, அந்நாட்டுக் கறுப்பினத்தவரைக் கட்டுப்படுத்தும் அனுமதிச் சீட்டுகளுக்குப் பயன்படுகிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் அலுவலகச் சுவர்களில் துண்டறிக்கை ஒட்டினார்கள், பொருள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார்கள், ஹன்டர் ஐ.நா. குழுவின் முன் சாட்சியம் சொன்னார், வேலையை இழந்தார். போலராய்டு 1977-இல் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. தொலைதூர அடக்குமுறையின் ஓர் உறுப்பு தாம் வேலை செய்யும் மேசையிலேயே இருக்கிறது என்று கண்டுகொள்வதுதான் இவ்வகை இயக்கத்தின் மிகப் பயனுள்ள பழக்கம் என்று நான் கருதுகிறேன்.

1984 நவம்பர் 21 அன்று டிரான்ஸ்ஆஃப்ரிக்கா அமைப்பின் ராண்டல் ராபின்சன் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்கள் வாஷிங்டனில் உள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் தூதரைச் சந்திக்கச் சென்று, வெளியேற மறுத்துக் கைதானார்கள். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அந்தத் தூதரக வாசலில் நாள்தோறும் மறியலும் கைதும் நடந்தன. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அதிபர் ரேகன் தம் தடையுரிமையைப் பயன்படுத்தியும் அது நிற்கவில்லை.

இன்றைய கருவிகள்

1947-இல் இல்லாத சில கருவிகள் இன்று உண்டு. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1965-இல் ஏற்கப்பட்டு 1969-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் 18 வல்லுநர்கள் கொண்ட குழுவிடம் குறித்த காலத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். அரசின் அறிக்கை பெரும்பாலும் எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். அப்போது பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் தங்கள் தரப்பில் ஒரு மாற்று அறிக்கையைத் தயாரித்து அந்த வல்லுநர்களிடம் கொடுக்கின்றன. வல்லுநர்கள் அதைப் படித்துவிட்டு, ஜெனீவாவில் அரசின் பிரதிநிதிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். இறுதியில் தங்கள் கருத்துகளை எழுத்தில் வெளியிடுகிறார்கள். அதை நிறைவேற்றச் சொல்லி ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை போன்ற மற்றவையும் இதே முறையில் இயங்குகின்றன.

அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கென ஓர் ஆணையமும் அதற்கு மேல் ஒரு நீதிமன்றமும் தனியே இருக்கின்றன. பிரேசிலில் 1997-இல் ஒரு வீட்டு வேலைக்கான செய்தித்தாள் விளம்பரம், வெள்ளையர் விரும்பப்படுவதாகச் சொன்னது. அந்த வேலைக்குக் கேட்டு நிராகரிக்கப்பட்ட கறுப்பினப் பெண் புகார் கொடுத்தார்; இனவெறியைக் குற்றமாக்கும் சட்டம் 1989 முதல் இருந்தும் அந்தப் புகார் கோப்பிலேயே முடங்கியது. உள்நாட்டு வழிகள் அடைபட்ட பிறகே வெளி அமைப்பை நாடலாம் என்பது பொது விதி. ஆகவே அதன்பின் வழக்கு ஆணையத்துக்குப் போனது. பிரேசில் அரசு தன் கடமையில் தவறிவிட்டது என்று 2006-இல் ஆணையம் அறிவித்தது. தென்னமெரிக்க நாடான சுரிநாமில், அடிமைத் தளையிலிருந்து தப்பிக் காட்டுக்குள் குடியேறியவர்களின் வழிவந்த சரமக்கா மக்கள், தங்கள் நிலத்தில் மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் அரசு உரிமம் வழங்கியதை எதிர்த்து அந்த நீதிமன்றத்தில் 2007-இல் வென்றார்கள்.

கருவிகள் நிஜத்தில் எப்படிப் பயன்படுகின்றன என்பதற்குச் சிகாகோ நல்ல சான்று. அந்நகரில் 1972 முதல் 1991 வரை ஜான் பர்ஜ் என்ற காவல் அதிகாரியும் அவருக்குக் கீழ் இருந்தவர்களும் 100-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள், முகத்தைப் பையால் மூடி மூச்சை அடைத்தார்கள். உண்மை வெளிவந்தபோது, சித்திரவதைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்துவிட்டது. சிகாகோ வழக்கறிஞர்கள் இதை ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்புக் குழுவிடம் கொண்டு சென்றார்கள். சிகாகோவில் யாரும் தண்டிக்கப்படாததைச் சுட்டி அந்தக் குழு 2006 மே மாதத்தில் எழுதியது. பர்ஜ் பொய்ச் சாட்சியம் சொன்ன குற்றவாளி என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. 2014 நவம்பரில் அதே குழு மீண்டும் கூடியபோது, சிகாகோவிலிருந்து இளைஞர்கள் சிலர் ஜெனீவா சென்றார்கள். ‘இனப்படுகொலைக் குற்றம் சாட்டுகிறோம்’ என்ற 1951 மனுவின் தலைப்பையே அவர்கள் தங்கள் குழுவின் பெயராக வைத்திருந்தார்கள். அமெரிக்க அரசின் பிரதிநிதிகள் பேசும்போது அந்த இளைஞர்கள் ஒன்றும் பேசாமல் எழுந்து நின்றார்கள். காவலர் சுட்டுக்கொன்ற ஃபெர்குசன் நகரத்து மைக்கேல் பிரவுனின் பெற்றோரும் அதே கூட்டத்தொடரில் சாட்சியம் அளித்தனர். சிகாகோ நகர மன்றத்தில் கிடப்பில் இருந்த இழப்பீட்டுச் சட்டத்தைக் குழு தன் கருத்துகளில் ஆதரித்தது. 2015 மே 6 அன்று அந்தச் சட்டம் நிறைவேறியது: முறையான மன்னிப்பு, 55 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதி, மனநல ஆலோசனை மையம், ஒரு நினைவுச் சின்னம், எட்டாம் பத்தாம் வகுப்புகளில் இந்த வரலாற்றைக் கற்பிக்கும் பாடம் ஆகியவை அதில் அடங்கும். ஜெனீவா ஒரு டாலரைக்கூடக் கொடுக்கவில்லை. நகர மன்ற உறுப்பினர்களின் வீட்டு வாசலில் நின்றவர்கள் கையில் ஐ.நா.வின் எழுத்து இருந்தது, அவ்வளவே. ஆனால் அந்த எழுத்து இல்லாமல் அவர்கள் பல ஆண்டுகள் நின்று பார்த்திருந்தார்கள்.

முட்டி நிற்கும் இடங்கள்

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலர் கையால் கொல்லப்பட்டதும், 600-க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஐ.நா. மனித உரிமை மன்றத்தை அவசரமாகக் கூட்டுமாறு கோரின. ஆப்பிரிக்க நாடுகளின் சார்பில் புர்கினா ஃபாசோ அதை முன்னெடுத்தது. ஜூன் 17 அன்று ஃப்ளாய்டின் தம்பி காணொளி வழியே பேசினார். அமெரிக்காவைப் பற்றித் தனி விசாரணை ஆணையம் வேண்டும் என்ற முதல் வரைவு, பேச்சுவார்த்தையில் தேய்ந்து, பொதுவான ஓர் அறிக்கை கேட்கும் தீர்மானமாகச் சுருங்கியது. 1947-இன் நிழல் அதில் தெரிகிறது. ஆயினும் அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக, காவல்துறையில் இனப் பாகுபாட்டை ஆராய மூன்று வல்லுநர்கள் கொண்ட அமைப்பு 2021-இல் உருவாக்கப்பட்டது; அவர்கள் 2023-இல் அமெரிக்காவுக்கே நேரில் சென்று சிறைகளையும் பார்த்தார்கள். அதே 2021-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான நிரந்தர மன்றமும் அமைந்தது. ஆலோசனை கூறுவதற்கு மேல் அதற்கு அதிகாரமில்லை.

வேறு ஒரு முட்டுக்கட்டையும் உண்டு: ஜெனீவாவுக்குப் போக விமானச் சீட்டும் விசாவும் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்த வழக்கறிஞரும் வேண்டும். அடிபட்டவரும் அங்கே போய்ப் பேசுகிறவரும் ஒருவராகவே இருப்பது அரிது. இடைவெளி கூடும்போது கறுப்பினத் தலைமை என்பது பெயரளவில் நின்றுவிடும். அரசுகளின் இரட்டை வேடம் இன்னொன்று. தென்னாப்பிரிக்கா விஷயத்தில் உள்விவகாரம் என்ற வாதத்தை 1946-இல் உடைத்த இந்தியா, 2001-இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில், சாதிப் பாகுபாட்டையும் சேர்க்கவேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டபோது மறுத்தது. இறுதி ஆவணத்தில் சாதி இடம்பெறவில்லை. இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002-இல் தெளிவுபடுத்தியது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. அம்பேத்கர் கேட்டு எழுதிய மனுவுக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்திருந்தது.

இனி நாளேட்டில் இத்தகைய செய்தி ஒன்றைக் காணும்போது சில கேள்விகளோடு படித்தால் அதன் எடை தெரியும். கவலை தெரிவித்தது நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த மன்றமா, தனி வல்லுநர்களின் குழுவா என்று முதலில் பார்க்கலாம். முன்னதில் பேரம் நடக்கும், பின்னதில் பேச்சுச் சுதந்திரம் அதிகம், அதிகாரம் குறைவு. அந்த நாடு உடன்படிக்கையில் எந்த அளவுக்குச் சேர்ந்திருக்கிறது என்பது அடுத்தது: அமெரிக்கா இனப் பாகுபாட்டு உடன்படிக்கையை 1994-இல் ஏற்றது, ஆனால் தனி மனிதர்கள் நேரடியாகப் புகார் தர இடமளிக்கும் 14ஆம் பிரிவை ஏற்கவில்லை, இந்தியாவும் அவ்வாறே. அதன்பின், மாற்று அறிக்கையை யார் எழுதினார்கள் என்று தேடிப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே ஏதோ ஒரு நகரத்தின் சிறிய அமைப்பொன்றின் பெயர் இருக்கும். அந்தச் செய்தியின் உண்மையான தொடக்கம் அந்த ஊரில் இருக்கும்.